சோற்றின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

தாமிரபரணிக் கரையில் பசியைப் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் காமராசரின் கார் ரயில்வே கேட்டில் நின்றதாம். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க, அவன் சோற்றைப் பற்றித் திருப்பிக் கேட்டானாம். மதிய உணவுத் திட்டத்தின் கதையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். 1956இல் எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால் அது சாப்பிடும், படிக்கும், வளரும் என்ற நம்பிக்கை மூன்று தலைமுறைகளைத் தூக்கிவிட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கைக்குள் அடங்காத ஒரு பிள்ளையைப் பற்றியது. தட்டில் சோறு இருக்கிறது, வயிற்றில் பசியும் இருக்கிறது, ஆனாலும் கை போகவில்லை. அல்லது எல்லாரும் தூங்கிய பிறகு அடுக்களையில் நின்று மூச்சுமுட்டச் சாப்பிட்டுவிட்டு, அதை வெளியேற்றக் கழிப்பறைக்குள் போகிறது. மருத்துவம் இதை உண்ணுதல் கோளாறு என்கிறது. மருத்துவமனைகளில் 'ஈட்டிங் டிஸார்டர்' என்றே சொல்கிறார்கள். பிறந்தபோது பதிவுசெய்த பாலினம் தன்னுடையதல்ல என்று உணரும் (இதைப் பாலின முரண் என்பார்கள்) இளையவர்களிடம், அதாவது திருநங்கை, திருநம்பி என்று பின்னாளில் நாம் அழைக்கப்போகும் பிள்ளைகளிடம், இந்தக் கோளாறு மற்றவர்களைவிட அதிகம் தென்படுகிறது. நம் பத்திரிகைகளிலும் திரையிலும் இந்தப் பிள்ளைக்கு இடமில்லை. இடம் கிடைக்கிற அயல்நாட்டு ஊடகங்களிலோ, பெரும்பாலும் தவறான காரணத்துக்காகக் கிடைக்கிறது.

நம் நாளிதழ்களில் திருநங்கையர் வருவதற்கென்று நாட்கள் உண்டு. சித்திரையில் கூவாகம் திருவிழா, ஏப்ரல் 15இல் திருநங்கையர் நாள், இடையிடையே 'முதல்' என்ற அடைமொழியோடு ஒரு சாதனைச் செய்தி. தெற்கிலிருந்தும் நல்ல செய்திகள் போயிருக்கின்றன. 2018இல் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிய மறுத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அது இந்துத் திருமணச் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தார். கோவில்பட்டி மந்தித்தோப்பில் திருநங்கையர் சேர்ந்து பால் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். இவையெல்லாம் வரவேண்டிய செய்திகள்தாம். ஆனால் இவற்றில் வருபவர்கள் அத்தனை பேரும் வளர்ந்தவர்கள். பதின்மூன்று வயதில் அவர்கள் உடம்போடு எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. திருநம்பிகளோ செய்தியிலேயே அரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் 'மற்றவர்' பிரிவில் பதிந்தவர்கள் 22,364 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பள்ளிப் பருவம் இருந்திருக்கும்.

இந்த வட்டாரத்து எழுத்தாளர்கள் பத்திரிகைகளுக்கு முந்திக்கொண்டார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லலாம். இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கோமதி' சிறுகதையில் வருபவர் ஆண் உடம்பில் பெண் மனத்தோடு வாழும் ஒரு சமையல்காரர், கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர். திப்பணம்பட்டியில் பிறந்த சு. சமுத்திரம் 1990களில் 'வாடாமல்லி' எழுதினார். கதைநாயகன் சுயம்பு பொறியியல் கல்லூரி மாணவன். தன்னைப் பெண்ணாக உணரும் ஓர் இளைஞனின் வீடு, விடுதி, வகுப்பறை எல்லாவற்றையும் அந்த நாவல் உள்ளிருந்து காட்டியது. ஒரு வெகுஜன வார இதழில் தொடராக வந்து வீடுதோறும் படிக்கப்பட்டது.

அதற்கு இருபதாண்டுக்குப் பின் வந்த ஷங்கரின் 'ஐ' படத்தை (2015) இங்கே சொல்லத்தான் வேண்டும். அதில் வரும் திருநங்கை ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தை இழிவாகக் காட்டியதாகத் திருநங்கையர் போராடினார்கள். அதே படத்துக்காக விக்ரம் உடல் எடையைப் பெருமளவு குறைத்ததை ஊடகங்கள் வாரக்கணக்கில் கொண்டாடின. எத்தனை கிலோ, எத்தனை மாதம், என்ன சாப்பிடவில்லை என்பதெல்லாம் பெட்டிச் செய்தியாக வந்தன. உன் உடம்பு கேலிக்குரியது என்பதும், உடம்பைப் பட்டினி போடுவது வீரம் என்பதும் ஒரே டிக்கெட்டில் கிடைத்தால், தன் உடம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளை அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்?

கோளாறு அதிகம் என்று சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் 223 பல்கலைக்கழகங்களில் படித்த 2,89,024 மாணவர்களின் பதில்களை எடுத்துக்கொண்டது. கடந்த ஓராண்டில் மருத்துவரால் உண்ணுதல் கோளாறு என்று கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்கள், எதிர்பாலை விரும்பும், பாலின முரண் இல்லாத பெண்களில் 1.85 விழுக்காடு. திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநரில் ஏறக்குறைய 16 விழுக்காடு.

இந்த எண்ணைத் தலைப்பில் போடும் முன் சற்று நிதானிக்க வேண்டும். பதில் சொன்ன லட்சக்கணக்கானோரில் திருநர் 479 பேர்தான். எல்லாம் தாமே சொன்ன தகவல். பாலினம் தொடர்பாகவே மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் அடிக்கடி பார்ப்பவர்களிடம் வேறு நோய்களும் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படும். ஆனால் வித்தியாசம் எட்டு மடங்குக்கு மேல் இருக்கும்போது, அத்தனையையும் இந்தக் காரணங்களின் தலையில் கட்டிவிட முடியாது. பிறகு வந்த ஆய்வுகளும் திசையை மாற்றவில்லை.

ஏன் இப்படி? ஒல்லியாக வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். திருநர் பிள்ளைகளில் சிலருக்கு அதுவும் உண்டு. திருநங்கைச் சிறுமி ஒருத்தி திரையில் பார்க்கிற பெண்கள் எல்லாரும் மெலிந்தவர்கள்; தோள் விரிவதும் தசை திரள்வதும் அவளைப் பயமுறுத்துகின்றன. ஆனால் பின்லாந்தில், 2012இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 20 திருநரிடம் நீண்ட நேர்காணல் நடத்தியவர்கள் கேட்டறிந்தது இன்னும் ஆழமான ஒரு காரணம். பலர் பட்டினி கிடந்தது உடம்பில் வெளிப்படும் பால் அடையாளங்களை அமுக்கிவைக்க. மார்பும் இடுப்பும் வளராமல் இருக்க, மாதவிலக்கு நிற்க. இதைப் புரிந்துகொள்ள உடம்புக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. பூப்புக்காலம் நெருங்கும்போது அதிலிருந்து ஒரு ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு பிட்யூட்டரி சுரப்பியை எழுப்ப, அது சினைப்பையையோ விதைப்பையையோ எழுப்பும். ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் ரத்தத்தில் ஏறும். குரல், மீசை, மார்பு, மாதவிலக்கு எல்லாம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் வருபவை.

சங்கிலியின் முதல் கண்ணி ஓடலாமா கூடாதா என்பதில் உடம்பின் கொழுப்புக்கும் பங்கு உண்டு. கொழுப்பு செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன; 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு இதைக் கண்டுபிடித்தது. கையிருப்பு இருக்கிறது என்று கொழுப்பு மூளைக்கு அனுப்பும் தகவல் இது. கையிருப்பு கரைந்தால் லெப்டின் இறங்கும். பஞ்ச காலத்தில் பிள்ளை பெறுவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்பதால் இப்படி ஓர் ஏற்பாடு பரிணாமத்தில் அமைந்திருக்க வேண்டும். லெப்டின் இறங்கியதும் ஹைப்போதலாமஸ் தன் துடிப்பைத் தளர்த்திக்கொள்ளும், சினைப்பை அடங்கும், மாதவிலக்கு நின்றுபோகும்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தன்னைப் பையனாகவே உணர்கிற பிள்ளை. மாதத்துக்கு ஒருமுறை உடம்பே அதை மறுத்துச் சொல்கிறது. வீட்டில் பெரிய மனுஷி ஆனதற்குச் சடங்கு நடத்தி, சீர்வரிசை வைத்து, புட்டும் உளுந்தங்களியும் ஊட்டி, தெருவுக்கே அறிவித்திருக்கிறார்கள். காய்ச்சலிலோ மனக்கசப்பிலோ சில வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தபோது மாதவிலக்கு வரவில்லை. அந்த நிம்மதி பிள்ளைக்குப் பிடித்துப்போகிறது. யாரும் சொல்லித்தராமலே, பசியைக் கொண்டு பருவத்தை நிறுத்தலாம் என்று அது கண்டுபிடித்துவிடுகிறது.

அந்த நிம்மதிக்கு உடம்பு கொடுக்கும் விலை பெரியது. வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பில் பெரும்பகுதி பதின்வயதில்தான் கட்டப்படுகிறது. ஈஸ்ட்ரோஜனும் இல்லை, டெஸ்டோஸ்டிரோனும் இல்லை, சத்தும் இல்லை என்றால் அந்தக் கட்டுமானம் பாதியில் நின்றுவிடும். பின்னாளில் நன்றாகச் சாப்பிட்டாலும் முழுதாக ஈடாவதில்லை. இதயம் வேகம் குறைந்து துடிக்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும், கை எப்போதும் சில்லென்றிருக்கும், கன்னத்திலும் முதுகிலும் பூனைமுடி அரும்பும். வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமுள்ள வகைகளில், தன்னைத்தானே பட்டினி போட்டுக்கொள்ளும் அனோரெக்சியாவும் ஒன்று.

பட்டினி புத்தியையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம்தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள் என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் சமையல் புத்தகங்களை நாவல்போல வாசிக்கத் தொடங்கினார்கள், உணவைத் துண்டுதுண்டாக வெட்டி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிச்சலும் சோர்வும் மண்டின. கட்டுப்பாடு நீங்கிய பிறகு பலர் நிறுத்த முடியாமல் தின்றார்கள். உண்ணுதல் கோளாற்றின் குணங்கள் என்று நாம் நினைக்கிற பலவற்றைப் பட்டினி மட்டுமே உண்டாக்கிவிடும் என்று அது காட்டியது. எந்தக் காரணத்துக்காகச் சாப்பாட்டைக் குறைத்தாலும், சில மாதங்களில் அந்தக் காரணம் பின்னால் போய், பட்டினி தானே முதலாளி ஆகிவிடுகிறது. மாதவிலக்கை நிறுத்தச் சாப்பாட்டைக் குறைத்த பிள்ளையும், ஒல்லியாக வேண்டும் என்று குறைத்த பிள்ளையும் இந்த இடத்தில் ஒரே சிறையில் இருக்கிறார்கள். உள்ளே வந்த வழி வேறு என்பதால் வெளியே வரும் வழியும் வேறாகத்தான் இருக்க முடியும்.

அயல்நாட்டு ஊடகங்கள் சறுக்கியது, அனோரெக்சியாவையும் பாலின முரணையும் பிரித்துப் பார்க்கத் தவறியதில்தான். 2018இல் லிசா லிட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பதின்வயதினரிடம் பாலின முரண் 'திடீரென்று' தோன்றுகிறது, அது தோழமை வட்டத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகிறதோ என்ற ஐயத்தை எழுப்பிய கட்டுரை. அனோரெக்சியா தோழியரிடையே பரவுவதை அவர் ஒப்புமையாகக் காட்டினார். தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் அந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டன. திருநர் என்பதே அனோரெக்சியா போன்ற ஒரு தொற்று மனநிலை என்ற தோற்றம் பரவியது.

கட்டுரையின் அடித்தளம் என்ன? 256 பெற்றோர் நிரப்பிய இணையப் படிவம். பிள்ளைகள் ஒருவரிடமும் பேசவில்லை. பெற்றோரைத் திரட்டிய தளங்களோ, பிள்ளை தன்னைத் திருநர் என்று சொல்வதை ஏற்காதவர்கள் கூடும் இடங்கள். விமர்சனம் எழுந்ததும் இதழ் மறுபரிசீலனை செய்து, 2019 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. இது பெற்றோரின் பார்வை மட்டுமே, ஒரு நோய் இருப்பதை நிறுவவில்லை என்று அந்தத் திருத்தம் தெளிவுபடுத்தியது. 2022இல் கனடாவில், மருத்துவமனைகளுக்கு வந்த 173 இளையவர்களின் விவரங்களை நேரடியாக ஆராய்ந்தவர்கள் அந்தக் கருதுகோளுக்கு ஆதரவு எதையும் காணவில்லை. முதல் கட்டுரைக்குக் கிடைத்த தலைப்புச் செய்திகளில் பத்தில் ஒரு பங்குகூடத் திருத்தத்துக்குக் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

ஒப்புமையே அடிப்படையில் தவறு. அனோரெக்சியாவில் மாறிப்போவது பார்வை: எலும்பு தெரியும் உடம்பைக் கண்ணாடியில் பார்த்துப் பருமன் என்கிறார்கள். திருநர் பிள்ளையின் பார்வையில் பிசகு இல்லை. தன் உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்கிறது. அப்படி இருப்பதுதான் அதன் துன்பம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பாலின முரணை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது. அனோரெக்சியா அங்கேயே இருக்கிறது. ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

பிள்ளைகளின் பாலின உணர்வு தொற்று என்று நிரூபிக்கப்படவில்லை. ஊடகம் வழியே உடலைப் பற்றிய வெறுப்பும் சாப்பாட்டைப் பற்றிய பயமும் பரவும் என்பதற்கோ வலுவான சான்று உண்டு. ஃபிஜித் தீவின் நத்ரோகா மாகாணத்துக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. நல்ல சதைப்பற்றுள்ள உடம்பை மதித்த சமூகம் அது. மானுடவியலும் மனநல மருத்துவமும் கற்ற ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும், மூன்றாண்டு கழித்தும் அங்கே பள்ளிச் சிறுமிகளிடம் கேட்டார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதலில் ஒருவரும் இல்லை. 1998இல் 11.3 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் திருநெல்வேலியில் கையில் செல்போனோடு வளரும் ஒரு தலைமுறைக்கு அது தூரத்துச் செய்தி அல்ல.

இந்த நோய் நம் பக்கத்து நோயில்லை, பணக்கார வீட்டுப் பெண்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் உண்டு. அதன் வரலாறு அப்படித் தொடங்கவில்லை. 1689இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் முதன்முதலில் விவரித்த இரு நோயாளிகளில் ஒருவர் பதினெட்டு வயதுப் பெண், மற்றவர் பதினாறு வயதுப் பையன். பையன் பிறகு மறக்கப்பட்டான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 வரை, பெண்களிடம் அனோரெக்சியா என்று சொல்வதற்கு மாதவிலக்கு நின்றிருப்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்திருந்தது. பெண் உடம்பை மனதில் வைத்து எழுதிய வரையறை அது; பையன்களும் திருநங்கைகளும் அதன் ஓரத்தில் நின்றார்கள்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: விரதம். 1989இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வட இந்திய நகரம் ஒன்றில் 580 பள்ளி மாணவியரிடம் மேல்நாட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்தபோது, நான்கில் ஒருவருக்கும் மேல் நோயாளிபோலத் தெரிந்தார்கள். விசாரித்தால், 'சாப்பிடாமல் இருப்பீர்களா' போன்ற கேள்விகளுக்கு அவர்கள் தங்கள் நோன்பை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருந்தார்கள். அதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலையைத் தருகிறது. விரதத்தை நோயாக எண்ணுவது போலவே, நோயை விரதமாக எண்ணிவிடவும் முடியும். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மாலை போட்டு, வாரக்கணக்கில் விரதமிருந்து, வேடம் கட்டிக் காணிக்கை பிரிப்பார்கள். ஆண்கள் காளியாக, குறத்தியாக, பெண்ணாக வருவார்கள். வேடம் கட்டுபவர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்த்திக்கடனுக்காகக் கட்டுபவர்கள். அவர்கள் நோன்பு பக்தி, வேறொன்றுமில்லை. ஆனால் விரதம் முடிந்த பிறகும் ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாடு மட்டும் மூன்றுவேளையாகத் திரும்பவில்லை என்றால், ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு விரதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கிறது என்றால், வீட்டார் அதைப் பக்தி என்று மெச்சுவதற்கு முன் எடையையும் நாடியையும் பார்க்கட்டும்.

சாப்பிடாமல் இருப்பதற்கு மனத்துக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. 2015இல் அமெரிக்காவில் 27,715 திருநரிடம் எடுத்த கணக்கெடுப்பில், கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கவே சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்ததாகச் சொன்னவர்கள் 32 விழுக்காடு. எட்டு விழுக்காட்டினருக்குச் சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகப் பிரச்சினையோ வந்திருந்தது. நம் பள்ளிகளில் கழிப்பறை சரியில்லாததால் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கதவுக்குள் போனாலும் கேலியும் அடியும் காத்திருக்கும் பிள்ளைக்கு அது இரட்டிப்பு. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தால், 'ஏன் சாப்பிடலை' என்று கேட்கிறோம். 'பள்ளிக்கூடத்துல எங்க போய் ஒண்ணுக்கு இருக்க' என்று கேட்பதும் அதே அளவு மருத்துவக் கேள்விதான்.

வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைகளின் பசியும் இருக்கிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில், இலவச உணவு வாங்க வருபவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு, சோற்றுக்கு உத்தரவாதம் குறையக் குறைய, கிடைத்தபோது அளவின்றி உண்ணும் கோளாறு கூடுவதைக் கண்டது. பட்டினி போட்டுப் பழகிய உடம்பு அடுத்த வேளையை நம்பாது. பதினாறு வயதில் பேருந்து நிலையத்தில் இரவு கழித்த ஒரு திருநங்கைக்குப் பிற்பாடு வரும் உண்ணுதல் கோளாறு, எந்த அழகிப்போட்டியிலிருந்தும் வந்ததல்ல.

சிகிச்சைக்கு வருவோம். பதின்வயது அனோரெக்சியாவுக்கு இன்று அதிக ஆதாரமுள்ள முறை குடும்பவழிச் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவர்களையே பொறுப்பேற்கச் செய்து, வேளாவேளைக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிட வைக்கும் முறை. நம் வீடுகளுக்கு இயல்பாகப் பொருந்தக்கூடியதும்கூட. அன்பைச் சோற்றில் பிசைந்து கொடுப்பது ஆச்சிமார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருநர் பிள்ளையிடம் இது தடுக்கும் இடம் ஒன்று உண்டு. "ஏட்டி, இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கோ" என்று ஆச்சி வாஞ்சையோடு சொல்கிறாள். தன்னைப் பையனாக உணரும் பிள்ளைக்கு இட்லியும் வலியும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. மூன்று வேளையும் அப்படி அழைக்கப்பட்டுச் சாப்பிட வேண்டும் என்றால் சாப்பாட்டு நேரமே தண்டனை. மருத்துவமனைக்குப் போனாலும் இதே கதை தொடரலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 84 திருநர் எழுதித் தந்த அனுபவங்களில், உண்ணுதல் கோளாற்றுக்குச் சிகிச்சை அளித்தவர்களுக்குப் பாலினத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்ற முறையீடு திரும்பத் திரும்ப வந்தது. சிகிச்சை வெற்றி என்று மருத்துவர் கொண்டாடும் நாள், மாதவிலக்கு திரும்பிவிட்ட நாள். பிள்ளைக்கோ அதுதான் பயந்த நாள்.

இதற்குக் கையில் வழி இருக்கிறது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் வீட்டுப் பெண்கள் மாத்திரை வாங்குவது புதிதல்ல. அந்த வகை ஹார்மோன் மருந்தை மகப்பேறு மருத்துவரின் கண்காணிப்பில், எலும்பின் நிலையைப் பார்த்து, தேவையான காலத்துக்குக் கொடுக்க முடியும். சாப்பிட்டால் மாதவிலக்கு வந்துவிடும் என்ற பயம் விலகினால், சாப்பிடாமல் இருப்பதற்கான மிகப் பெரிய காரணம் விலகுகிறது. பதின்வயதில் பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்துகளை எப்போது, யாருக்குத் தருவது என்பதில் நாடுகளுக்கிடையே கடும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இங்கிலாந்து 2024இல் அவற்றை வழக்கமான சிகிச்சையிலிருந்து நிறுத்தியது. அந்த விவாதம் முடியும் வரை ஒரு பிள்ளையின் இதயமும் எலும்பும் காத்திருக்காது. பெயர் சொல்லி அழைப்பதற்கும், சீருடையில் ஒரு தளர்வு தருவதற்கும் எந்த மருந்தும் தேவையில்லை.

'மாற்றிவிடுகிறோம்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் மட்டும் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. 2021 ஜூன் 7இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. தனக்கு இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு அவர் எழுதிய உத்தரவு அது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் ஊடகங்கள் இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. செய்தியாளர்கள் அந்தப் பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டால், அதன் பக்கத்தில் இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: உண்ணுதல் கோளாறு பற்றி எழுதும்போது எத்தனை கிலோ குறைந்தது, என்ன முறையில் குறைந்தது என்று எழுதாமல் இருப்பது, மெலிந்த உடம்பின் 'முன்', 'பின்' படங்களைப் போடாமல் இருப்பது. அந்த எண்களைப் போட்டியாக எடுத்துக்கொண்டு படிப்பவர்கள் இந்த நோயில் இருப்பவர்கள்தாம். நடிகர் எலியட் பேஜ் 2023இல் எழுதிய தன்வரலாற்றில், தன் உடம்போடும் சாப்பாட்டோடும் இளமையில் பட்ட பாட்டைச் சொல்கிறார். திருநம்பி ஒருவர் தன் வாயால் சொல்லும்போது அது வேறு செய்தியாகிறது.

வீட்டில் ஒரு பிள்ளை இப்படி மெலிகிறது என்றால் முதலில் போக வேண்டியது குழந்தை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடியும் ரத்த அழுத்தமும், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மயக்கம் வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ தாமதிக்க வேண்டாம். பல வாரம் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் வயிறு முட்ட ஊட்டுவது ஆபத்து: திடீரென்று இன்சுலின் சுரந்து பாஸ்பேட்டை செல்களுக்குள் இழுத்துக்கொள்ள, ரத்தத்தில் அது வற்றி இதயமும் மூச்சுத் தசைகளும் தடுமாறும். அளவு எவ்வளவு, எத்தனை நாளில் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். மனநலத் துணைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே ஆபத்து என்றால் 1098. மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பத்து நிமிடம் பேச விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மருத்துவர் எடையோடு நின்றுவிடாமல், 'சாப்பிட்டா உன் உடம்புல எது வந்துரும்னு பயப்படுத?' என்றும், 'உன்ன எப்படிக் கூப்பிட்டா உனக்குப் பிடிக்கும்?' என்றும் கேட்கட்டும்.